தன் குடலையே சாட்சிக்கு அழைத்தவர்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விலங்கியல் கற்பித்தவன் நான். கரும்பலகையில் வெண்கட்டியால் ஒரு வெண்குழியத்தை வரைந்து, அது ஒரு நுண்ணங்கியைச் சூழ்ந்து விழுங்குவதைக் காட்டி, தின்குழியம் என்று கீழே எழுதி, அதைக் கண்டறிந்தவர் மெச்னிக்கோவ் என்று பக்கத்தில் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது என் வழக்கமாக இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதை நானும் எண்ணிப் பார்த்ததில்லை. என் மாணவரும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார் ஒரு சத்திரசிகிச்சைக்குப் பின் நோய்த்தொற்றுக்கு ஆளாகி வைத்தியசாலையில் நெடுநாள் கிடந்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் புண்ணை ஆற்றின. புண் ஆறிய கையோடு வயிற்றோட்டம் தொடங்கியது. பரிசோதித்தபோது, வழக்கமான மருந்துகளுக்கு அசையாத பற்றீரியா அவர் குடலிலே குடிகொண்டிருப்பது தெரியவந்தது. அங்கே கடமையாற்றிய இளம் வைத்தியர் ஒருவர் என் பழைய மாணவர். மருந்து பகைவரைக் கொல்லும்போது ஊரைக் காத்து நின்றவரையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது என்றும், காவல் அழிந்த ஊரிலே கள்வர் புகுவது இயல்பே என்றும் அவர் எனக்கு விளக்கினார். பிறநாடுகளில், நலமுள்ள ஒருவரின் குடல் நுண்ணங்கிகளை எடுத்து நோயாளியின் குடலிலே குடியேற்றி, இழந்த காவலை மீட்க முயல்கிறார்கள் என்றும் சொன்னார். நல்ல நுண்ணங்கியைக் கொண்டு தீயதை ஒடுக்கலாம் என்று முதன்முதல் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் யார் என்று நான் கேட்டபோது, கரும்பலகையில் நான் எழுதிக் காட்டிய அதே பெயரைத்தான் அவர் சொன்னார்.

தமக்கையார் மெல்ல மெல்லத் தேறி வீடு வந்து சேர்ந்தார். நான் மெச்னிக்கோவின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

* * *

இலியா மெச்னிக்கோவ் 1845ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்று ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கார்கிவ் பகுதியில், இன்றைய உக்ரேயினைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அரச மெய்க்காவற்படையில் அதிகாரியாக இருந்தவர். தாயார் யூத மரபில் வந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. ஓரிடத்தில் நில்லாத துடிப்பினால் வீட்டார் இவரைப் பாதரசம் என்று அழைத்தனராம். செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து, மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இயற்கை பற்றி விரிவுரை நிகழ்த்துவது சிறுவனின் விளையாட்டு. கேட்பவர் எழுந்து ஓடிவிடாதிருக்கத் தன் கைக்காசைக் கொடுத்தே அவர்களை இருத்தி வைத்தான் என்பர். ஆசிரியனாகிய எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப் போயிற்று.

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து 1864இல் வெளியேறினார். அதன்பின் ஜேர்மனியிலும் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையிலும் முதுகெலும்பற்ற கடல் உயிர்களை ஆராய்ந்தார். 22 வயதில் ஒடெஸாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானபோது, முன்னே அமர்ந்திருந்த மாணவரிற் சிலர் அவரிலும் மூத்தவர்கள். 1870இல் அங்கேயே விலங்கியற் பேராசிரியர் ஆனார்.

அறிவுக்குக் கிட்டிய இந்த வேகமான வெற்றி வாழ்க்கைக்குக் கிட்டவில்லை. 1869இல் லுட்மிலா என்னும் பெண்ணை மணந்தார். அவளுக்கு அப்போதே சயரோகம். நடக்க வலுவற்ற மணப்பெண்ணைக் கதிரையில் இருத்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். மனைவியை வாழவைக்க வேண்டிப் பணத்துக்காக மொழிபெயர்ப்பு வேலைகளைச் செய்தார். வெப்பமான நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். கண்பார்வை மங்க மங்க உழைத்தார். நான்கு ஆண்டுப் போராட்டத்தின் முடிவில், 1873இல், மதீராத் தீவிலே அவள் இறந்தாள். மெச்னிக்கோவ் பெருமளவு அபினை உட்கொண்டார். அளவு மிஞ்சியதனால் வயிறு அதை வெளியே தள்ளிவிட்டது. உயிர் தப்பிய அந்நாட்களில், விளக்கொளியைச் சுற்றிப் பறந்த சிறு பூச்சிகளை அவர் கண்டாராம். சில நாழிகையே வாழும் இந்த உயிர்களிடத்தில் இயற்கைத் தேர்வு எவ்வாறு இயங்கக்கூடும் என்ற கேள்வி உள்ளத்திலே எழ, கேள்வியின் பின்னே அவர் மீண்டும் வாழ்க்கைக்குள் நடந்து வந்தார்.

1875இல் ஒல்காவை மறுமணம் செய்தார். சில ஆண்டுகளில் ஒல்காவைக் கொடிய நெருப்புக்காய்ச்சல் பற்றியது. அவள் பிழைத்தாள், ஆனால் மனமும் உடலும் சோர்ந்திருந்த மெச்னிக்கோவ் 1881இல், விட்டுவிட்டு வரும் கொடுங்காய்ச்சல் ஒன்றின் நோயாளியிடமிருந்து எடுத்த குருதியைத் தம் உடம்பிலே ஏற்றிக் கொண்டார். அந்நோய் குருதியால் பரவுமா என்று அறியும் சோதனை அது. சாவதானால் அறிவியலுக்குப் பயன்பட்டுச் சாகலாம் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. சாவின் விளிம்பு வரை சென்று திரும்பினார். திரும்பியவர் பழைய மனிதராக இல்லை. வாழ்க்கையின்மீது தணியாத ஆசை அவருக்குள் பிறந்திருந்தது. பிற்காலத்தில் முதுமையையும் சாவையும் எதிர்த்து அவர் நடத்திய போருக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று நான் கருதுகிறேன்.

* * *

ஜார் மன்னர் இரண்டாம் அலெக்ஸாந்தர் 1881இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் அடக்குமுறை மிகுந்தது. மனம் வெறுத்த மெச்னிக்கோவ் 1882இல் பதவியைத் துறந்து, குடும்பத்துடன் சிசிலித் தீவின் மெஸினா நகருக்குச் சென்றார். அங்கே ஒருநாள் வீட்டார் அனைவரும் குரங்கு வித்தை பார்க்கச் சேர்க்கஸ் கூடாரத்துக்குப் போய்விட்டனர். தனித்திருந்தவர் நுணுக்குக்காட்டியினூடே நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற குடம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடலினுள் அலைந்து திரியும் கலங்கள், வெளியிலிருந்து புகும் பகைப்பொருளை எதிர்த்து உடலைக் காப்பனவாக இருக்கலாகாதா என்ற எண்ணம் மின்னிற்று. தோட்டத்துக்கு ஓடினார். பிள்ளைகளுக்கு நத்தார் மரமாக அலங்கரித்திருந்த சிறு தோடை மரத்தின் அருகே நின்ற ரோசாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்து வந்து, குடம்பிகளின் தோலினுள் செருகி வைத்தார். இரவு முழுதும் உறக்கம் இல்லை. விடியற்காலையில் பார்த்தபோது, முட்களைச் சுற்றி அக்கலங்கள் திரளாகக் கூடி நின்றன.

தின்குழியம் பிறந்த கதை இதுவே. உடல் நோயை எதிர்த்துத் தானே போர் செய்கிறது என்ற கொள்கை அதன்மீது எழுந்தது. ஜேர்மனியிலே றொபேட் கொக்கும் அவர் வழி நின்றோரும் இதை ஏற்கவில்லை. குருதிநீரில் கரைந்துள்ள பொருள்களே நோயைத் தடுக்கின்றன என்றனர். மருத்துவப் பட்டம் இல்லாத விலங்கியலாளர் மருத்துவத்தினுள் நுழைவதைப் பலர் விரும்பவுமில்லை. 1886இல் ஒடெஸாவில் அமைந்த பற்றீரியவியல் நிலையத்தின் தலைமையை ஏற்றும், எதிர்ப்புகளால் நிலைக்க முடியாமல் 1888இல் நாட்டை விட்டு வெளியேறினார். லூயி பாஸ்டர் பாரிஸிலே தம் புதிய நிலையத்தில் அவருக்கு ஓர் ஆய்வுகூடம் கொடுத்தார். இறக்கும் வரை, 28 ஆண்டுகள், அதுவே அவர் உலகம். 1908இல் நோபல் பரிசு அவருக்கும், குருதிநீர்க் கொள்கையின் தூணாக நின்ற போல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இரு கட்சியாரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கண்டவர்கள் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி நிறுவிற்று.

* * *

பாடநூல்கள் மெச்னிக்கோவை இவ்விடத்தில் விட்டுவிடுகின்றன. என் தமக்கையாரின் கட்டிலருகே நான் கேட்ட செய்தி தொடங்குவதோ இங்கேதான்.

1892இல் ஐரோப்பாவில் கொலரா பரவியது. கொலராக் கிருமியை விழுங்கியவர் எல்லோரும் நோயுறுவதில்லை. ஓர் ஊர் அழியும்போது அயலூர் தப்பிவிடுகிறது. இதன் காரணம் யாருக்கும் விளங்கவில்லை. மெச்னிக்கோவ் கொலராக் கிருமியை வளர்த்துத் தாமே குடித்தார். ஒன்றும் நேரவில்லை. ஆய்வுகூடத்தில் இன்னொருவர் தாமாக முன்வந்து குடித்தார். அவருக்கும் ஒன்றும் நேரவில்லை. மற்றொருவர் குடித்தார்; அவருக்குக் கொலராவின் குறிகள் அனைத்தும் தோன்றின. அவர் உயிர் பிழைத்தார் எனினும், அந்த நாட்களில் மெச்னிக்கோவ் பட்ட வேதனை பெரிது. உரிய கண்காணிப்பின்றி மனிதரிடத்து இத்தகைய சோதனை செய்வதை அனுமதிக்கக் கூடாது.

ஒரே கிருமி, மூன்று குடல்கள், இருவேறு விளைவுகள். வேறுபாடு குடல்களுக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். வளர்ப்புத் தட்டுகளிலே கொலராக் கிருமியோடு பிற நுண்ணங்கிகளைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில அதன் வளர்ச்சிக்குத் துணை செய்தன. சில அதைத் தடுத்து நிறுத்தின. குடலில் இன்னும் பலவகை நுண்ணங்கிகள் குடியேறாத, தாய்ப்பால் குடிக்கும் முயற்குட்டிகளுக்குக் கொலராவை எளிதில் உண்டாக்கலாம் என்பதையும் கண்டார். நோய்க்கிருமி வந்து சேர்வது பாதிக் கதை. அங்கே முன்னரே குடியிருப்பவர்கள் அதற்கு இடம் கொடுக்கிறார்களா இல்லையா என்பது மறுபாதி. இன்றைய அறிவியல் குடியேற்றத் தடை என்று பேசுகின்ற கருத்தின் முளை இது.

இந்த முளையை அவர் பொறுமையோடு வளர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஆனால் பாதரசம் பொறுக்கவில்லை. முதுமையின் காரணத்தைத் தேடிய அவர், பெருங்குடலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அங்கே வாழும் அழுகற் கிருமிகள் நஞ்சைச் சுரந்து உடலைத் தளர்விக்கின்றன என்பது அவர் வாதம். நெடுநாள் வாழும் கிளியையும், குடலிலே கிருமி மிகக் குறைந்த பழந்தின்னி வௌவாலையும் சான்று காட்டினார். பெருங்குடல் மனிதனுக்கு வேண்டாத பழஞ்சுமை என்று 1903இல் வெளிவந்த நூலிலே எழுதினார். அக்காலத்தில் இலண்டனில் ஆர்பத்நாட் லேன் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், குடல் நஞ்சு பற்றிய இத்தகைய நம்பிக்கையின் பேரில், நோயாளர் பலரின் பெருங்குடலை வெட்டியே நீக்கினார். தவறான கொள்கை ஏட்டிலே கிடக்கும்வரை அதனால் தீங்கு சிறிது. அது கத்தியைக் கையில் எடுக்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

மெச்னிக்கோவ் தாம் நாடிய வழி கத்தியன்று, தயிர். பல்கேரிய நாட்டுக் குடியானவர் நெடுநாள் வாழ்வதாகவும், அவர்கள் நாள்தோறும் புளித்த பால் உண்பதாகவும் கேள்விப்பட்டிருந்தார். ஸ்டாமென் கிரிகொரொவ் என்னும் பல்கேரிய மாணவர் அப்பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணங்கியை 1905இல் கண்டறிந்தார். புளிப்பை உண்டாக்கும் இந்நுண்ணங்கி குடலிலே குடியேறி அழுகற் கிருமிகளை விரட்டும் என்று மெச்னிக்கோவ் நம்பினார். நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். பழங்களையும் கொதிநீரில் அமிழ்த்திய பின்னரே உண்டார். 1904இல் முதுமை பற்றிப் பாரிஸில் அவர் ஆற்றிய சொற்பொழிவைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்க, நகரெங்கும் தயிர் மோகம் பிடித்தது. வணிகர் அவர் பெயரைச் சொல்லி விற்றனர். அந்தப் பல்கேரிய நுண்ணங்கி மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்பது 1920களில் தெளிவாயிற்று. தயிர் நல்ல உணவே. ஆனால் சாவைத் தள்ளிப்போடும் அமுதம் அது அன்று.

1914இல் உலகப் போர் மூண்டது. ஆய்வுகூடத்து இளைஞர் போர்க்களம் சென்றனர். மனித ஆயுளை நீட்ட உழைத்தவர், இருபது வயதினர் ஆயிரமாயிரமாக மாய்வதைப் பார்த்துக்கொண்டு வெற்றுக் கூடங்களில் நடந்தார். இதயநோய் முற்றி 1916ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி, 71 வயதில் இறந்தார். இறக்குமுன் அருகிருந்த வைத்திய நண்பரிடம் அவர் வேண்டியது ஒன்று: தம் உடலை அறுத்துப் பார்க்கும்போது குடலை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்பது. அவரது சாம்பல் பாஸ்டர் நிலையத்து நூலகத்திலே வைக்கப்பட்டிருக்கிறது.

* * *

அவர் மறைந்த பின் வந்த காலம் அவருடைய கருத்தை விநோதமான முறையில் சோதித்தது. 1940கள் முதல் பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தன. அதே மருந்துகள் குடலின் குடிமக்களையும் அழித்தன. சில நோயாளருக்கு உயிரைக் குடிக்கும் குடல் அழற்சி உண்டாயிற்று. 1958இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் துணைவரும், இத்தகைய நால்வருக்கு, நலமுள்ளோரின் மலத்தைக் கரைத்துக் குடலிலே செலுத்தினர். நால்வரும் தேறினர். இந்நோய்க்குக் கிளொஸ்திரிடியம் டிபிசிலே என்னும் பற்றீரியாவே பெருங்காரணம் என்பது 1978இல்தான் தெரியவந்தது. 2013இல் நெதர்லாந்தில் முறையாக நடத்திய ஆய்வொன்றில், அந்நோய் மீண்டும் மீண்டும் வந்த 16 பேருக்கு நன்கொடையாளரின் குடல் நுண்ணங்கிகள் செலுத்தப்பட்டன. ஒரே முறையில் 13 பேர் குணமாயினர். மற்றொரு முறை செலுத்தியபோது மேலும் இருவர் குணமாயினர். வன்கோமைசின் மருந்தை மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர் நால்வரே.

குடியேறிய நுண்ணங்கிகள் செய்வதென்ன? பகைக் கிருமிக்குக் கிடைக்கக்கூடிய உணவை முந்தி உண்கின்றன. பித்த அமிலங்களை அக்கிருமி வளர முடியாத வடிவுக்கு மாற்றுகின்றன. சில, பிற பற்றீரியாவைக் கொல்லும் பொருளைச் சுரக்கின்றன. மெச்னிக்கோவ் வளர்ப்புத் தட்டிலே கண்ட காட்சி குடலிலே நடைபெறுகிறது. ஆனால் இந்தக் காவற்படை வாழும் இடம், அவர் வேண்டாம் என்று தள்ளிய அதே பெருங்குடல்.

மருந்துக்கு அசையாத பற்றீரியாவின் தொல்லை சிறிதன்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் சாவுகளுக்கு அதுவே நேர்க்காரணம் என மதிப்பிட்டுள்ளனர். அவற்றுட் பல, நோய் செய்யாமல் குடலிலே பதுங்கியிருந்து காலம் பார்ப்பவை. அவற்றையும் இம்முறையால் வெளியேற்றலாமா என்று இப்போது ஆராய்கிறார்கள். 2019இல் வெளிவந்த, 39 பேரைக் கொண்ட ஆய்வொன்றில் கிடைத்த பயன், உறுதியென்று சொல்லப் போதியதாக இல்லை. 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களுள் சிகிச்சையை முற்றாகப் பெற்ற 9 பேரில் 8 பேரிடம் இறுதியில் அவ்வகைப் பற்றீரியா காணப்படவில்லை. எண்ணிக்கை சிறிது, நம்பிக்கைக்கு இடமுண்டு, முடிவு கட்ட இடமில்லை.

எச்சரிக்கையும் உண்டு. 2019இல் அமெரிக்காவில், ஒரே நன்கொடையாளரிடமிருந்து பெற்ற நுண்ணங்கிகளோடு மருந்துக்கு அசையாத ஈ கோலைப் பற்றீரியாவும் சேர்ந்து புகுந்து இரு நோயாளரைத் தாக்கிற்று, ஒருவர் இறந்தார். காவலரை அழைத்து வந்த வண்டியிலேயே கள்வனும் ஏறி வந்துவிட்டான். அதன்பின் நன்கொடையாளரைச் சோதிக்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2022இலும் 2023இலும் அந்நாடு இவ்வகை மருந்துகள் இரண்டை அனுமதித்தபோதும், டிபிசிலே நோய் மறுபடி வராமல் தடுப்பதற்கே அனுமதித்தது. வீட்டிலே தாமே செய்து பார்க்கத்தக்க வைத்தியம் இதுவன்று என்பதை வாசகர் மனங்கொள்வாராக.

* * *

மெச்னிக்கோவைப் பற்றி நான் படித்தவை எல்லாம் இரண்டு காட்சிகளில் வந்து நிற்கின்றன. ஒன்று, மெஸினாவில் விடியும்வரை விழித்திருந்து முட்களைப் பார்த்த காட்சி. அங்கே ஓர் எண்ணம் எழுந்தவுடன் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார், உண்மை கைவந்தது. மற்றொன்று, பெருங்குடலுக்கு எதிராக அவர் நூல் எழுதிய காட்சி. அங்கே எண்ணம் சோதனையை முந்திக்கொண்டது. உலகம் தயிர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. இரு காட்சியிலும் இருந்தவர் ஒருவரே, துடிப்பும் ஒன்றே.

ஆனால் இறுதியிலே அவர் பழைய மெஸினா மனிதராகவே போனார். பல ஆண்டுகள் தாம் போதித்த கொள்கைக்குத் தம் உடலே சான்றாகட்டும், பொய்யாயினும் ஆகட்டும், திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். என் தமக்கையாருக்கு வைத்தியம் செய்த மாணவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தாம் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர்க்கொல்லிச் சீட்டையும் எழுதுமுன் ஒருமுறை நிறுத்தி, இது உண்மையிலே வேண்டியதுதானா என்று தம்மையே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். வகுப்பிலே நான் சொல்லத் தவறிய பாடத்தை அவர் வேறெங்கோ கற்றுக்கொண்டிருந்தார்.